யார் மாட்டினது

நர்மதா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு வந்து மேசை முன்னால் நின்றாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அப்படித் தொட வேண்டுமாம். அவள் அப்பா லோகநாதனுக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாம்மா, ஆபரேஷனா பண்ணப் போற?" என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த அந்தோணி சத்தமாகச் சிரித்தான். அவன் லோகநாதனோடு காக்களூர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நேராக வேப்பம்பட்டுக்கு வந்துவிடும்படி லோகநாதன்தான் சொல்லியிருந்தான். "எங்க ஊட்ல ஒரு மெஷினு ரெடியாவப் போவுது, வந்து பாரு" என்று கம்பெனி கேன்டீனில் அவன் சொல்லாத ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் ஒவ்வொரு பாகமாக அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்திருந்தாள் நர்மதா. கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினட் ஒன்று கீழே தரையில் நின்றது. அதற்குள் இன்னும் எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் வாங்குவது என்று ஆனதிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அம்மா பிரேமாவுக்கு ரெடிமேட் செட்தான் வேண்டும். "பொட்டியப் பிரிச்சமா, பிளக்க சொருவுனமான்னு இருக்கணும். ரிப்பேர்னா தூக்கிக்கினு போய் குடுத்தா அவன் பாத்துக்குவான். ஒவ்வொண்ணா வாங்கி கோக்கறதுக்கு இது இன்னா பூவா?" என்பாள். நர்மதா மெதுவாகத்தான் பேசுவாள், ஆனால் விடமாட்டாள். ரெடிமேடில் வெளியே லைட்டெல்லாம் பளபளவென்று இருக்கும், உள்ளே மட்டமான பவர் சப்ளையைப் போட்டு மூடியிருப்பார்கள், அதே காசில் நாமே சேர்த்தால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போடலாம், பின்னால் வேண்டும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். விளையாடத்தான் கேட்கிறாள், அதை அவள் மறைக்கவில்லை. பள்ளி முடித்த விடுமுறையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்று அவள் சம்பாதித்ததுதான் அதில் பாதி. மீதியை லோகநாதன் போட்டான். போட்டவன், "அசெம்பிள்தான். நான் இருக்கேன் இல்ல?" என்று ஒரே சொல்லில் வழக்கையும் முடித்துவைத்தான். அன்றைக்கு நர்மதா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தான் சொன்னதில் எந்தப் பாதி அவளை மகிழ்வித்தது என்று அவன் யோசிக்கவில்லை.

பாகங்கள் வாங்கின திருவள்ளூர் கடையில், கடைக்காரன் மணவாளன் எல்லாவற்றையும் தானே மாட்டிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். லோகநாதன் வேண்டாமென்றான். மதர்போர்டை மட்டும் பிரித்து, நடுவே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே மயிர்போல நெருங்கி நின்ற பின்களை லென்ஸ் வைத்துக் காட்டினான் மணவாளன். "நன்னா பாத்துக்கோங்கோ சார். எல்லாம் நேரா இருக்கு. இதுக்கப்புறம் ஒரு பின் வளைஞ்சாலும் கம்பெனி மாத்தித் தராது." நர்மதா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். லோகநாதன் தலையை ஆட்டினான். ஒற்றைக் கையால் மோட்டாரைத் திருப்பிப் போடுகிறவனுக்கு இதென்ன என்றிருந்தது. கும்மிடிப்பூண்டி உருக்காலையில் சேர்ந்த நாளிலிருந்து மணிக்கட்டுத் தடிமன் கேபிளை உரித்தே காய்த்துப்போன விரல்கள் அவனுக்கு. இப்போது காக்களூரிலும் எந்த மெஷின் நின்றாலும் முதலில் கேட்கும் குரல், "லோகுவக் கூப்டு" என்பதுதான்.

இப்போது வீட்டு மேசையில் நர்மதா மதர்போர்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, புராசசரை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கினாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று ஒரு நொடி தயங்கினாள். அந்தோணியின் மனைவி, "பாத்தும்மா" என்றாள்.

"குட்றா, நவுரு. நான் மாட்டறேன்" என்றான் லோகநாதன்.

"அப்பா, நான் மாட்டறம்பா. மேலாக்க வெச்சா போதும். ரொம்ப மெல்லிசு அது."

"பேனல் ஒயரிங்லயே தல நரச்சவன்கிட்ட மெல்லிசு கில்லிசுன்னுக்கினு. நவுரும்மா."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அவன் வாங்கி, அந்தோணிக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, "மொத்த மெஷினுக்கும் மூள இதான்" என்றான். அந்தோணி ஏதோ கேட்டான். பதில் சொல்லப் பாதி திரும்பியபோதுதான் அது அவன் விரல்களிலிருந்து நழுவியது. பெரிய உயரமெல்லாம் இல்லை. கீழே திறந்திருந்த பின்கள்மேல் ஒரு மூலை குத்தி இறங்கி, சாய்ந்து, லேசாக இழுபட்டது. சத்தமே வரவில்லை. யார் முகமும் மாறவில்லை. அவன் அதைச் சட்டென்று நேராக்கி உட்காரவைத்து, மேல்சட்டத்தை மூடி லீவரை அழுத்தினான். கிர்ரென்று ஒலித்தது. "அந்த சத்தம் வரும்னு வீடியோலயே சொல்றான்" என்று யாரும் கேட்காமலே சொன்னான். ஆனால் விரல் நுனியில் ஏதோ நெருடியது அவனுக்குத் தெரியும். நிமிர்ந்தபோது நர்மதா பார்த்துக்கொண்டிருந்தது மேசையை அல்ல, அவன் கையை.

மற்றதையெல்லாம் அவளே மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றின, கேபினட்டுக்குள் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் ஓடியது, வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. லோகநாதன் ஒயர்களைக் கழற்றி மாட்டினான். அணைத்துப் போட்டான். மறுபடியும் அணைத்துப் போட்டான். "போர்டு ஃபால்ட்டா இருக்கும் லோகு" என்றான் அந்தோணி, ஆறுதலாக. தண்ணீரில் தத்தளிப்பவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி லோகநாதன் அதைப் பிடித்துக்கொண்டான். "அதான்! டப்பா போர்டக் கட்டி உட்டுட்டான் பாரு. நாளைக்கிப் போய் ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்." பிரேமா, "நான் அன்னிக்கே சொன்னன், யாரு கேட்டீங்க" என்று வடைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாரும் போன பிறகு நர்மதா எல்லாவற்றையும் கழற்றினாள். அவன் டிவி பார்ப்பதுபோல் இருந்துவிட்டு, தாங்க முடியாமல் எழுந்து போய் அவள் பின்னால் நின்றான். அவள் செல்போன் டார்ச்சை மதர்போர்டின் நடுவே பின்கள் இருந்த சதுரத்தின்மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள். ஒரு மூலையில் மட்டும் பின்கள் மாடு மிதித்த நாற்று மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன.

"பாத்தியா?" என்றான். "கடையிலயே அப்டித்தான் இருந்திருக்குது."

"மணவாளண்ணன் காட்டும்போது நல்லாதாம்பா இருந்திச்சி" என்றாள், திரும்பாமல்.

"நீ சரியா பாத்தியா இன்னா? நாளைக்கி நான் வந்து கேக்கறேன்."

அவள் டார்ச்சை அணைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் இருவரும் ரயிலேறித் திருவள்ளூருக்குப் போனார்கள். வழியெல்லாம் லோகநாதன் மணவாளனிடம் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனான். ஓட்ட ஓட்ட அது உண்மைபோலவே ஆகிக்கொண்டு வந்தது. கடையில் நல்ல கூட்டம். பிரிண்டரோடு வந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர், கல்லூரிப் பையன்கள், ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்த வேலையாள். லோகநாதன் போர்டைப் பெட்டியோடு கண்ணாடி மேசைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னா சார், தெரிஞ்ச கடைன்னு வந்தா டேமேஜ் ஆன மாலு குடுத்துக்கிறீங்க?" என்றான்.

மணவாளன் கோபப்படவில்லை. நெற்றியில் காலையில் இட்ட ஸ்ரீசூர்ணம் பாதி கலைந்திருந்தது. போர்டை வாங்கி, ஒரு சின்ன கேமராவுக்குக் கீழே வைத்தான். சுவரில் இருந்த பெரிய மானிட்டரில் அந்த மூலையின் பின்கள் விரல் மொத்தத்துக்குப் பெரிதாகத் தெரிந்தன. கல்லூரிப் பையன்களில் ஒருவன் "ஐயையோ" என்றான். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது மேலேர்ந்து விழுந்து இழுபட்டிருக்கு. நான் உங்களுக்குக் காட்டித்தான சார் குடுத்தேன்?" மணவாளன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யார் மாட்டினது?"

லோகநாதன் வாயைத் திறந்தான். நான்தான் என்ற சொல் தொண்டைவரை வந்ததா, வரவேயில்லையா என்று பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறான். நிச்சயமாகத் தெரிந்ததில்லை. அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் தொங்கிய அந்தப் படமும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களும்தான்.

"நான்தாண்ணா" என்றாள் நர்மதா. "கை நழுவிடிச்சி."

மணவாளன் பெருமூச்சு விட்டான். "ஏம்மா, தெரியாத வேலைய எதுக்குத் தொடணும்? நான் மாட்டித் தரேன்னு சொன்னேனா இல்லையா? வீடியோ பாத்தா வேலை வந்துடுமா? பாவம், அப்பா காசு." அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி காசு அவளுடையது. அதையும் அவள் சொல்லவில்லை. கடையில் இருந்த எல்லாரும் இப்போது அவளைத்தான் பார்த்தார்கள்.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் பேசாமல் நின்றான் என்று போயிருக்கும். லோகநாதன் பேசினான்.

"சொன்னா எங்க சார் கேக்குது?" என்றான், சிரிக்கிற மாதிரி. "நான் மாட்டறேன், நவுருன்னேன். எல்லாம் தனக்கே தெரியும்னு..."

நர்மதா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அழுகையோ கோபமோ அந்தப் பார்வையில் இல்லை. கூட்டத்தில் தெரிந்தவர் என்று நினைத்துக் கிட்டே போய், வேறு யாரோ என்று தெரிந்ததும் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு மணவாளன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போர்டு போனது போனதுதான். வேறு செட் எடுப்பதானால் மற்ற பாகங்களைப் பிறகு திருப்பி எடுத்துக்கொள்வதாக மணவாளன் சொன்னான். வேறு போர்டு வாங்கி மறுபடியும் மாட்டலாம், இல்லாவிட்டால் கடையில் தயாராக இருந்த செட் ஒன்றைக் கொண்டுபோகலாம், அதில் கிராஃபிக்ஸ் கார்டு கொஞ்சம் சின்னது என்றான். லோகநாதன் மகளைப் பார்த்தான். அவள் வேறு போர்டு கேட்க வேண்டும் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. கேட்டால் இந்தத் தடவை தூர நின்று அவளை மாட்டவிடலாம், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

"ரெடிமேடே குட்த்துடுங்கண்ணா" என்றாள் அவள்.

ரயிலில் பெரிய பெட்டியை இருவர் காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு வந்தார்கள். புட்லூரில் கூட்டம் ஏறியது. "கால நவுத்துப்பா, பொட்டி சாயுது" என்றாள். வீடு வரைக்கும் அவள் பேசியது அவ்வளவுதான். வீட்டில் பிரேமாவிடமும் தன் கைதான் நழுவியது என்றே சொன்னாள். பிரேமா சோறு போட்டுக்கொண்டே வைதாள். "உங்கப்பா கையில குட்த்திருந்தா இப்டி ஆயிருக்குமா? எத்தினி மெஷினு பாத்த கை அது!" நர்மதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லோகநாதன் தன் தட்டில் இருந்த வஞ்சிரத் துண்டிலிருந்து முள்ளை எடுத்தான். முள் தீர்ந்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால் என்ன என்று நினைத்தான். சாப்பிட்டு முடித்துச் சொல்லலாம் என்று நினைத்தான். கை கழுவும்போது, இனிமேல் சொன்னால் கடையில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் வரும் என்று தோன்றியது.

ரெடிமேட் செட் நன்றாகவே வேலை செய்தது. அதுவும் அவனுக்குக் குத்தியது. அது ஒரு தடவையாவது மக்கர் பண்ணினால் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஏதாவது செய்யலாம். அது அந்த அறையில் உட்கார்ந்து அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. நர்மதா அவனிடம் முகம் கொடுக்காமலெல்லாம் இல்லை. டீ போட்டுக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் முன்பெல்லாம் மிக்ஸி நின்றாலும் செருப்பு அறுந்தாலும் "அப்பா, இத இன்னான்னு பாருப்பா" என்று கொண்டுவந்து நீட்டுகிறவள், இப்போது தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனாள். கம்பெனியில் அந்தோணி கேட்டதற்கு, "பொண்ணு கீழ உட்டுட்ச்சி" என்று சொல்லி வைத்திருந்தான். அதற்கப்புறம் யாராவது "லோகுவக் கூப்டு" என்று கத்தினால், அவனுக்குக் காது மடல் சூடாகும்.

கல்லூரி திறக்க இன்னும் நாளிருந்தது. ஒரு சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே பிரேமா சொன்னாள். "உம் பொண்ணு இன்னா பண்ணிக்கிறா தெரியுமா? அந்த கம்ப்யூட்டர் கடையில போய் வேல கேட்டுக்கிறா. லீவு முட்டும் வரேன், அசெம்பிள் பண்ணக் கத்துக்கறேன்னு. அந்த ஆளு வாணாம்னுட்டானாம்."

"ஏன்?"

"ஏன்னா? ஒடச்ச கைய நம்பி எவன் வேல குடுப்பான்?" பிரேமா சட்டையை உதறி மடித்தாள். "வந்ததுலேர்ந்து சோறே எறங்கல அதுக்கு. கேட்டா ஒண்ணுமில்லன்றா."

லோகநாதன் போட்டிருந்த லுங்கியோடு வாசலுக்கு வந்தான். திரும்பி உள்ளே போய்ப் பேன்ட் மாட்டிக்கொண்டான். எங்கே என்று பிரேமா கேட்டதற்கு, "தோ வரேன்" என்றான். ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினான். ஓடாமல் இருந்திருந்தால் அந்த வண்டியை விட்டிருப்பான், அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும்போது மனசு மாறியிருக்கும் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

மணவாளன் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் ரெடிமேடா அசெம்பிளா என்று விளக்கிக்கொண்டிருந்தான். லோகநாதன் ஓரமாக நின்றான். அவர்கள் போனதும் வேறொருவர் வந்தார். அவரும் போகட்டும் என்று நின்றான். "சொல்லுங்கோ சார், செட்ல பிராப்ளமா?" என்று மணவாளனே கேட்டான்.

"அது நல்லா ஓடுது சார். அந்தப் போர்டு மேட்டரு..."

"எந்தப் போர்டு?"

மணவாளனுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. லோகநாதன் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வளைந்த பின், மானிட்டரில் காட்டியது, பெண். "ஓ, அதுவா" என்றான் மணவாளன்.

"அத ரெண்டு பேரும் சேந்துதான் மாட்டினோம் சார். அவசரத்துல..."

"பரவாயில்ல சார், பொண்ணுதான் ஒத்துண்டாளே."

"இல்ல சார்." லோகநாதன் கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு பேரும் இல்ல. நான்தான். அது வாணாம் வாணாம்னுதான் சொல்லிச்சி. நான்தான் புடுங்கி மாட்டினேன்."

ஸ்டூலில் இருந்த வேலையாள் கை வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். மணவாளன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"நீங்க பக்கத்துலதான சார் நின்னுண்டிருந்தேள்?"

"ஆமா சார்."

"நான் அவளைப் பேசினதெல்லாம் கேட்டுண்டு."

"ஆமா."

மணவாளன் மேசைமேல் கிடந்த திருகாணிகளை ஒதுக்கினான். "அன்னிக்கு வேலை கேட்டு வந்தப்போகூட அவ அதையேதான் சொன்னா. 'போன தடவ தப்பு பண்ணிட்டேண்ணா, இனிமே கத்துக்கறேன்'னா. நான்தான் சுள்ளுன்னு பேசி அனுப்பிட்டேன்." லோகநாதன் முகத்தை அவன் பார்க்கவில்லை, அது உபகாரமாக இருந்தது. "வேற ஆளைச் சேத்தாச்சு சார். வரச்சொல்லுங்கோ, பாக்கலாம். நிச்சயமா எதுவும் சொல்ல முடியாது."

திரும்பும்போது ரயிலில் உட்கார இடமிருந்தும் அவன் வாசலருகே நின்றுகொண்டே வந்தான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. அவள் அந்தக் கடையில் இரண்டாவது தரமும் அவனுக்காகத் தலை குனிந்து நின்றிருக்கிறாள். இந்தத் தரம் அவன் பக்கத்தில்கூட இல்லை.

வீட்டில் பிரேமா கோயிலுக்குப் போயிருந்தாள். நர்மதாவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "இருங்கடா, யாரும் முன்ன போவாதீங்க. நான் சொல்லும்போது வாங்க" என்று கூட விளையாடுகிற யார் யாருக்கோ கட்டளை போட்டாள். நடுவில் சிரித்தாள். அந்தக் குரலை அவன் கேட்டதேயில்லை. அவன் போய்விடலாமா என்று நின்றான். கதவில் அவன் கை பட்டிருக்க வேண்டும். அவள் திரும்பி, ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டாள்.

"இன்னாப்பா?"

"மணவாளன் கடைக்கிப் போயிருந்தேன்." அவன் வாசலைத் தாண்டவில்லை. "நான்தான் ஒடச்சேன்னு சொல்லிட்டேன்."

அவள் நாற்காலியை முழுக்க அவன் பக்கம் திருப்பினாள்.

"அம்மாகிட்டயும் சொல்லிட்றேன். அந்தோணிகிட்டயும். அன்னிக்கு அந்தக் கடையில நான் உன்னய..."

ஹெட்செட்டுக்குள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சின்னதாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவள் கை கீபோர்டை விட்டு மடிக்கு வந்திருந்தது. திரையில் அவளுடைய ஆள் ஒரு வெட்டவெளிப் புல்மேட்டில் அப்படியே நின்றுவிட்டான். மறைய ஒரு மரம்கூட இல்லை. எங்கிருந்தோ சுட ஆரம்பித்தார்கள். அவனைச் சுற்றிப் புல்லும் மண்ணும் தெறித்துக்கொண்டிருந்தன. நர்மதா திரையைத் திரும்பிப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.